முதல்ல சத்தம், அப்புறம் பிடி

என் மனைவி அன்னமேரி ஹாரன் அடிக்காமல் எந்த வளைவிலும் வண்டியைத் திருப்பியதில்லை. எங்கள் பக்கத்தில் இது குற்றமல்ல, நல்ல பழக்கம். வண்டிப்பெரியாரிலிருந்து எஸ்டேட்டுக்குள் ஏறும் ஜீப் பாதையில் ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு அந்தப் பக்கம் கொளுந்து மூட்டையைத் தலையில் சுமந்து வரும் பெண்கள் இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கலாம், காலை நேரத்தில் காட்டெருமையே நிற்கலாம். மேரி அந்தப் பாதையில் பல வருஷமாக எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறாள். மழையில் ஹாரன் ஊமையாகிப்போன நாட்களில்கூட, தலையை வெளியே நீட்டி, "வண்டி வருது, ஓரம்" என்று கத்திக்கொண்டே மலை இறங்கி வந்திருக்கிறாள். ஒரு கோழிக்குஞ்சைக்கூட உரசியதில்லை. அதில் எனக்கும் பெருமை உண்டு, ஏனென்றால் அந்த ஜீப்புக்கு பிரேக் பார்க்கிற மெக்கானிக் நான்தான்.

பழக்கம் வம்பானது பொள்ளாச்சிப் பக்கத்துச் சமவெளி ஊரான எருத்தேன்பதியில். அங்கே ஒரு மோட்டார் கிளப் வருஷா வருஷம் மண்தரைக் கார் பந்தயம் நடத்துகிறது. கடலை பிடுங்கிய காட்டில் சிவப்பு பிளாஸ்டிக் கோன்களை வைத்து வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். குறைந்த நேரத்தில் முடிப்பவர்களுக்கு வெற்றி. இடமோ சப்பாத்திப் பலகை மாதிரி தட்டை. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடித் தென்னந்தோப்பில் மட்டை விழுவது தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் போன வருஷம் மேரி முதல்முறையாக ஓட்டினாள். ஒவ்வொரு கோனுக்கும் ஒரு ஹாரன் அடித்தாள்.

முதல் ஹாரனுக்குக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அடுத்ததற்குச் சிரித்தது. லோகேஷ் என்று ஒருத்தன் மைக்கைப் பிடித்திருந்தான். அந்த கிளப்பில் வண்டிகளைச் சோதிப்பதும் அவன்தான், அறிவிப்பு செய்வதும் அவன்தான்.

"அக்கா, குறுக்க ஆருமில்லீங்க. தைரியமா வாங்க," என்று அவன் ஒலிபெருக்கியில் சொன்னதும், பைக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஹாரன் அடித்தார்கள். மேரி கடைசி இடத்தில் முடித்தாள். நாங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் வீடியோ வந்து சேர்ந்திருந்தது. ஜீப் ஸ்டாண்டில் அவளுக்கு 'ஹாரன் மேரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்து, இரண்டு பேர் வண்டிக்கு ஆயில் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் லோகேஷே போன் செய்தான். கிளப் புதிதாக ராலி டீம் ஒன்று ஆரம்பிக்கிறதாம். கோன் சுற்றுகிற விளையாட்டு அல்ல, மலைப்பாதையில் ஓடும் நிஜ ராலி.

"இந்த வருசப் பந்தயத்துல லேடீஸ்ல மொதோ வர்றவங்களுக்கு டீமுல எடங்கண்ணா. காரு, டயரு எல்லாம் கிளப்போடது. ஒரே ஒரு எடந்தானுங்க," என்றான்.

நான் இதை மேரியிடம் சொன்னபோது அவள் மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்த இடம் வேணுங்க," என்றாள். "நாப்பது ஆகப்போகுது. அடுத்த வருஷம்னா சின்னப்பிள்ளை யாரையாவது தேடுவாங்க. இப்ப விட்டா விட்டதுதான்."

மேரி எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணப் புடவைக்கே 'எதுன்னாலும் சரி' என்றவள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆனால் நான் மெக்கானிக். நெஞ்சு அடைத்தால் உடனே எந்த நட்டைக் கழற்றலாம் என்றுதான் கை போகும்.

"பின் பிரேக்தான் கோளாறு," என்றேன்.

நான் சொன்னதில் பாதி உண்மை. எங்களுடையது பழைய சின்னக் கார், முன்சக்கரங்கள் இழுக்கிற வகை. அந்த மாதிரிக் காரை ஒரே கோனைச் சுற்றி, வந்த திசைக்கே திருப்ப வேண்டுமென்றால், ஸ்டீயரிங்கை வளைத்து ஹேண்ட்பிரேக்கை ஒரு இழு இழுக்க வேண்டும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றும், லீவரை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் பாயும். எங்கள் காரில் இருந்ததோ டிரம் பிரேக்கும் கம்பியும். கம்பி இழுபட்டு இழுபட்டு நீண்டிருந்தது. இழுத்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று யோசிக்கும்.

டிரம் இரண்டையும் கழற்றிப் போட்டேன். கம்பம் டவுன் பழைய இரும்புக் கடையில் பெரிய கார் ஒன்றின் பின் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரும் கிடைத்தன. அவற்றை மாட்ட லேத்தில் தகடு கடைந்து வாங்கினேன். கியர் லீவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு லீவரை நட்டமாக நிறுத்தினேன். அதற்குக் கம்பி கிடையாது. இழுத்தால் பிரேக் ஆயில் நேராகப் பின்சக்கரங்களுக்குப் பாயும், இரண்டுக்கும் ஒரே அழுத்தம், ஒரே நொடி. நிறுத்திவைக்க மட்டும் பழைய கம்பி ஹேண்ட்பிரேக்கை விட்டுவைத்தேன். ஆயில் பிரேக்கை நம்பி மலையில் ஒரு காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

எல்லாம் மாட்டியபின் பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை அழுத்த, ஒருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எங்கள் குடும்ப வாழ்க்கையில் சண்டை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் நடக்கும்.

"அழுத்து," என்றேன் காருக்கு அடியிலிருந்து.

"அழுத்தியாச்சு."

"பிடி. விடாத."

"பிடிச்சிருக்கேன்."

"இப்ப விடு."

"விட்டாச்சு. இன்னும் எத்தனை தடவைங்க?"

"காத்துப் போற வரைக்கும்."

"நீங்க பேசுறத நிப்பாட்டினா பாதிக் காத்து போயிரும்," என்றாள்.

காரை ஆனைக்கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஏலத்தோட்டம் ஒன்றை ஒட்டி மண் மைதானம் இருக்கிறது. நான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போகும்போது கால் பிரேக்கைத் தொட்டாலே பின்பக்கம் நெளிந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க வால்வைக் கொஞ்சம் திருகினேன். அடங்கியது. பிறகு கோனை நோக்கிப் போய் லீவரை இழுத்தேன். கார் அழகாகச் சுற்றியது. தொட்டால் பிடிக்கிறது, ஒரு நூல் ஆட்டம் இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொள்ள முடியாதது ஒன்றுதான் குறை.

பிறகு மேரி ஏறினாள். கோன் வந்தது. கட்டைவிரல் ஹாரனுக்குப் போனது. கார் மெதுவாக, மரியாதையாக, ஒரு பஸ்ஸைப் போலக் கோனைச் சுற்றி வந்தது. லீவர் தொடப்படாமல் நின்றது.

"இழுக்கணும் மேரி," என்றேன்.

"ஓடுற வண்டியில ஹேண்ட்பிரேக்க இழுத்தா பள்ளத்துக்குத்தான் போகும்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க. கை வரமாட்டேங்குது."

நான் பேனட்டைத் திறந்து ஹாரனின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இனி எங்கே அடிப்பாள் பார்ப்போம் என்று நினைத்தேன். மேரி வேகமாக வந்தாள். கட்டைவிரல் அழுத்தியது, சத்தம் வரவில்லை. காரைக் கோனுக்கு முன்னால் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஹாரன் இல்லாம எப்படித் திரும்புறது? அந்தப் பக்கம் யாராவது வந்தா?"

"அந்தப் பக்கம் யாருமில்ல. கோன்தான் இருக்கு."

"கோன்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாதுல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன். அது ஏலச் செடிகளுக்குள் போய் விழுந்தது. போனது நல்ல ஸ்பேனர். ஆகவே ஆத்திரம் தீரும்வரை நிற்கக்கூட முடியாமல், குனிந்து தேடப் போனேன். தேடும்போது எனக்கு அவள் மேல் இருந்த கோபம் மெல்ல என் மேல் திரும்பியது. இத்தனை நாள் டிஸ்க் பற்றிப் பேசினேன், கேலிப்பர் பற்றிப் பேசினேன். உனக்கு என்ன வேண்டும் மேரி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் பேனட்டின் மேல் உட்கார்ந்து கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள்.

"கோபம் முடிஞ்சதா?"

"ஸ்பேனர் கிடைக்கல."

"ஹாரனை அந்த லீவர்ல வச்சுக் குடுங்க," என்றாள்.

"எதுல?"

"நீங்க புதுசா நட்ட லீவர்லதான். என் கை எப்படியும் ஹாரனுக்குத்தான் போகும். லீவர இழுத்தா சத்தம் வரட்டும். சத்தத்துக்காக நான் இழுக்கிறேன். பிரேக் பிடிச்சாப் பிடிச்சுட்டுப் போகுது."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் இடிக்கவில்லை. இந்த யோசனை யாருடையது என்று எங்களுக்குள் இன்றும் தகராறு இருக்கிறது. ஸ்விட்சை லீவரின் அடியில் வைக்கலாம் என்றது நான். அதை யாரும் மறுக்க முடியாது.

மறுநாள் பட்டறையில், பிடுங்கிய ஃபியூஸைத் திரும்பப் போட்டு, ஹாரன் ஸ்விட்சை மாட்டினேன். அப்போதும் அவள் விடவில்லை.

"தொட்டவுடனே பிடிக்குதே," என்றாள்.

"அதுதான் வேலை. ஒரு நூல் ஆட்டம் கிடையாது."

"ஆட்டம் வேணும். முதல்ல சத்தம், அப்புறம் பிடி. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒதுங்க நேரம் வேணாமா?"

அந்தப் பக்கம் யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு லீவருக்கு அரை விரல்கடை ஆட்டம் விட்டேன். அந்த அரை விரல்கடையில் ஹாரன் அலறும், அதைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும். மறுபடி ஆனைக்கரை போனோம். மேரி கோனை நோக்கி வந்தாள். இடது கை தானாக லீவருக்குப் போனது. ஹாரன் அலறியது, பின்பக்கம் வட்டமடித்தது, செம்மண் எழும்பியது. கார் வந்த திசைக்கே பாய்ந்து போனது. ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலியோரம் வந்து கைதட்டினார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் தோட்டம் முழுக்க ஒரு நடை நடந்தேன், ஸ்பேனரும் காலில் தட்டுப்பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சின்ன ஹாரன் எனக்குத் திருப்தியாக இல்லை. போன வருஷம் சிரித்த கூட்டம் இந்த வருஷம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று, ஒரு சுற்றுலா பஸ்ஸின் இரட்டை ஹாரனை வாங்கி மாட்டினேன். ஃபியூஸ் மட்டும் சின்ன ஹாரனுக்குப் போட்ட பழையதே இருந்தது.

பந்தய நாளன்று எருத்தேன்பதியில் லோகேஷ் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வந்தான். எங்கள் காருக்குள் தலையை விட்டுப் புது லீவரைப் பிடித்து இழுத்தான். முழங்கிய முழக்கத்தில் தலையைக் கதவுச் சட்டத்தில் இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஏனுங்ணா, இது காருங்களா, பொள்ளாச்சி பஸ்ஸுங்களா?"

"விதியில இடமிருக்கான்னு பாருங்க," என்றேன், மார்பை நிமிர்த்தி.

அவன் காதைத் தேய்த்துக்கொண்டே விதிப் புத்தகத்தைப் புரட்டினான். "ஹாரன் இருக்கோணும்னுதான் போட்டிருக்குதுங்க. எங்க இருக்கோணும்னு போடலீங்க," என்று சொல்லி, சோதனையில் தேறிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டான்.

லேடீஸ் பிரிவில் பயப்பட வேண்டிய ஆள் செல்வப்பிரியா. போன வருஷம் முதலில் வந்தவள், உள்ளூர்ப் பெண், தென்னந்தோப்புக்காரர் மகள். அவள் ஓட்டுவதைப் பார்த்தால் கோன்களே அவளுக்கு வழிவிட்டு நகர்வது போல இருக்கும். ஆளுக்கு இரண்டு ஓட்டம், நல்லதைக் கணக்கில் எடுப்பார்கள். முதல் ஓட்டத்தில் செல்வப்பிரியா சுத்தமாக முடித்தாள். மேரி அவளைவிட வேகமாக வந்தாள், ஆனால் ஒரு கோனை இடித்துத் தள்ளியதற்கு நேரம் கூட்டிவிட்டார்கள். கூட்டம் ஒவ்வொரு ஹாரனுக்கும் சிரித்தது. போன வருஷச் சிரிப்பு இல்லை இது. அடுத்த வளைவில் எப்போது அடிக்கும் என்று காத்திருந்து சிரித்தார்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் செல்வப்பிரியா தன் நேரத்தை இன்னும் குறைத்தாள். கடைசியாக மேரி. கதவருகே போய் நின்றேன்.

"கோனைத் தொடாத," என்றேன்.

"நீங்க முதல்ல கையை ஜன்னல்ல இருந்து எடுங்க," என்றாள்.

கொடி இறங்கியது. முதல் வளைவில் பஸ் ஹாரன் முழங்கியது, கார் சுழன்றது. அடுத்ததிலும் அப்படியே. நான் வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கூடவே காலால் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தேன். செல்வப்பிரியாவைவிட முன்னால் இருக்கிறாள் என்று லோகேஷ் மைக்கில் சொன்னான். அதற்கடுத்த வளைவில் ஹாரன் 'பா' என்று ஆரம்பித்து நின்றுவிட்டது.

ஃபியூஸ். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பஸ் ஹாரனை அந்தச் சின்ன ஃபியூஸ் தாங்கவில்லை. கார் தடுமாறி, கோனைவிட்டு அகலமாகப் போய்த் திரும்பியது. இத்தனை நேரம் சேர்த்து வைத்த முன்னிலை அந்த ஒரு தடுமாற்றத்தில் போனது. இன்னும் பாதிப் பாதை இருக்கிறது. அடுத்த கோனுக்கு முன்னால் நிறுத்திவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவள் கேட்ட ஒரே ஒன்றை என் வீம்பால் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியே கடலைக்காட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை, கேட்டேன்.

"வண்டி வருதூ, ஓரம்."

இன்ஜின் சத்தத்தையும் ஒலிபெருக்கியையும் தாண்டிக்கொண்டு வந்தது அந்தக் குரல். மலைக்கு மலை கேட்கிற குரல் அது, எருத்தேன்பதிச் சமவெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. எழுந்து பார்த்தேன். பின்சக்கரங்கள் பூட்டிக் கார் வட்டமடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவுக்கும் அதே குரல், அதே அரை விரல்கடை இடைவெளி, அதன்பின் லீவர். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வளைவு கூட்டம் நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில். அவள் "ஓரம்" என்று கத்தியபோது, கயிற்றுக்குப் பின்னால் பத்திரமாக நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு எட்டு பின்வாங்கினார்கள். நானும் பின்வாங்கினேன்.

லோகேஷ் நேரத்தைப் பார்த்தான். ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். கண் சிமிட்டுகிற நேரம்தான் வித்தியாசம். ஆனால் அது மேரி பக்கம் இருந்தது.

"மொதோ எடம், வண்டிப்பெரியார் அன்னமேரி அக்காங்க," என்றான். பைக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். போன வருஷம் அடித்த அதே ஹாரன்கள்தான். மேரி காரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பார்க்கவில்லை.

செல்வப்பிரியா வந்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோத்ததுகூடப் பரவால்லீங்கக்கா. நீங்க கத்துன கத்துல கயித்துக்கு இந்தப்பக்கம் நின்ன நானே ஒதுங்கிட்டனுங்க," என்றாள்.

சாயந்தரம் லோகேஷ் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் டீமின் காரைக் காட்டினான். பளபளவென்று இருந்தது. பின்னால் டிஸ்க், கியர் லீவருக்குப் பக்கத்தில் நட்டமாக ஆயில் பிரேக் லீவர், எல்லாம் கச்சிதம். மேரி உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

"ஹாரன்?" என்றாள்.

"ராலிக்கு அதெதுக்குங்கக்கா? ரோட்டையே அடைச்சுருவமுங்க. ஆரும் வரமாட்டாங்க."

"எந்த ரோட்டுல ஓடுறோம்?"

"மொதோ ராலி உங்க பக்கந்தானுங்க. இடுக்கியில, எஸ்டேட் ரோட்டுல."

மேரி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். "ரோட்டை அடைச்சாச்சுன்னு கொளுந்து எடுக்க குறுக்கு வழியில இறங்கி வர்றவங்களுக்கு யாரு தம்பி சொல்லுவா? காட்டெருமைக்கு யாரு சொல்லுவா?"

லோகேஷ் சமவெளிக்காரன். அவன் வாழ்க்கையில் வளைவுக்கு அந்தப் பக்கம் எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. அவன் எங்கள் பழைய காரருகே போய், கதவைத் திறந்து, மண்டியிட்டு லீவரின் அடியில் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இத எப்படிங்க மாட்டுனீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஸ்விட்ச் பெரிய விஷயமில்ல. லீவருக்கு அரை விரல்கடை ஆட்டம் விடணும், அதுலதான் சூட்சுமம். முதல்ல சத்தம், அப்புறம் பிடி," என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்தது போல.

மேரி அதைக் கேட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் தகராறு ஆரம்பமாகும். அன்றைக்கு அவள் புதுக்காரிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"பெரிய ஃபியூஸாப் போடச் சொல்லுங்க," என்றாள்.